ஏழு பேர் ஏறினால் எந்த இன்ஜின் இழுக்கும்?

செகண்ட் ஹேண்டில் குடும்ப வண்டி தேடும் சொந்தக்காரர்கள் யார் போன் செய்தாலும் கேள்வி ஒன்றுதான். 1.4 பெட்ரோல் போதுமா, 1.5 வேண்டுமா, பேசாமல் 1.3 டீசலே எடுத்துவிடலாமா? கூடவே மைலேஜ் எவ்வளவு வரும் என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. வண்டியில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறுவீர்கள், ஏறி எங்கே போவீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் இன்ஜின் கேள்வி பாதி தீர்ந்துவிடும். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது மீதிப் பாதி. சிசி என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு பேசினால் கடைசி வரை குழப்பம்தான்.

நாமக்கல்லில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு வண்டி பார்த்தபோது இதையெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள், மாமாவின் அப்பா அம்மா என்று வீட்டிலேயே ஆறு பேர். கோயில், கல்யாணம் என்றால் எங்கள் அம்மாவும் சேர்ந்துகொள்வார், ஏழு. மாமா வேலைக்குப் போவது ஸ்கூட்டரில். அதனால் காரை தினமும் வெளியே எடுக்கப் போவதில்லை, ஆனால் எடுக்கும் நாளெல்லாம் வண்டி நிறைய ஆள் இருக்கும். மாமாவின் அம்மாவைச் சேலத்தில் டாக்டரிடம் காட்டப் போவது, கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயில், பிள்ளைகளுக்கு லீவு விட்டால் ஏற்காடு. ஓட்டம் குறைவு, சுமை அதிகம், அதிலும் மலை. இப்படிச் சேரும்போதுதான் தேர்வு சிக்கலாகிறது. குறைவான ஓட்டம் பெட்ரோல் எடு என்கிறது, ஏழு பேரும் மலையும் டீசல் எடு என்கின்றன.

மாமாவின் பட்ஜெட்டுக்குள் ஏழு சீட் என்றதும் பார்வை மாருதி சுசுகி எர்டிகாவில் போய் நின்றது. 2012 ஏப்ரலில் வந்த வண்டி. அப்போது 1,373 சிசி (அதாவது 1.4) பெட்ரோல், 1,248 சிசி (1.3) டீசல் என்று இரண்டு இன்ஜின். 2018 நவம்பரில் இரண்டாம் தலைமுறை வந்தபோது பெட்ரோல் 1,462 சிசி (1.5) ஆனது. டீசல் அதே 1.3ஆகக் கொஞ்ச காலம் ஓடி, 2019இல் மாருதி சுசுகி தானே உருவாக்கிய 1,498 சிசி டீசலுக்கு மாறியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதனால் 1.5 டீசல் எர்டிகா ஏறக்குறைய ஓராண்டு மட்டுமே விற்ற வண்டி, சந்தையில் தேடினாலும் எளிதில் அகப்படாது. 2022 ஏப்ரலில் பெட்ரோல் இன்ஜினை மறுபடி மாற்றினார்கள். சிசி அதே 1,462, ஆனால் ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர், ஆட்டோமேட்டிக்கில் 4 கியர் போய் 6 கியர். ஆக "எர்டிகா பெட்ரோல்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அது மூன்று வேறு வேறு இன்ஜின்களில் எதுவாகவும் இருக்கலாம், வருடத்தைப் பார்க்காமல் போன் செய்யாதீர்கள்.

இப்போது எண்கள். 1.4 பெட்ரோலுக்கு 95 குதிரைத்திறன், 1.3 டீசலுக்கு 90, 1.5 பெட்ரோலுக்கு 105. "மாப்ள, டீசல்தான் எல்லாத்துலயும் கம்மியா இருக்கு, அதுக்கு எதுக்குக் கூடக் காசு கேக்குறாங்க?" என்றார் மாமா. நியாயமான கேள்வி, இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறான முடிவுக்குப் போகிறார்கள். பெட்ரோலின் 95 குதிரைத்திறன் வருவது இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றும்போது. நம் வீட்டில் யார் 6,000 ஆர்பிஎம்மில் வண்டி ஓட்டுகிறார்கள்? ஊருக்குள்ளும் மலையிலும் நாம் ஓட்டுவது 1,500க்கும் 3,000க்கும் நடுவில். அந்த இடத்தில் இன்ஜின் என்ன தருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை என்ற இன்னொரு எண்ணைப் பிடிக்க வேண்டும். 1.4 பெட்ரோலுக்கு 130 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 ஆர்பிஎம்மில். 1.5 பெட்ரோலுக்கு 138, 4,400இல். 1.3 டீசலுக்கு 200, அது 1,750 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,000த்தால் வகுத்தால் ஏறக்குறைய அந்தச் சுற்றில் கிடைக்கும் குதிரைத்திறன் வந்துவிடும். மாமாவை போனில் கால்குலேட்டரைத் திறக்கச் சொன்னேன். 1,750 ஆர்பிஎம்மில் டீசல் தருவது 50 குதிரைத்திறன். அதே சுற்றில் 1.4 பெட்ரோல் தன் முழு 130ஐயும் கொடுத்தால்கூட (கொடுக்காது, அது 4,000இல்தான் வரும்) 32, 33க்கு மேல் போகாது. 1.5 பெட்ரோலுக்கு 34, 35. சிசியில் சின்னது டீசல்தான், ஆனால் நாம் ஓட்டும் வேகத்தில் அதுதான் பெரிய இன்ஜின்.

இதில் ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. பெட்ரோல் வண்டியில் கியர் விகிதங்களைக் குட்டையாக வைத்திருப்பார்கள், அதாவது அதே வேகத்தில் பெட்ரோல் இன்ஜின் கூடுதலாகச் சுற்றும். அதனால் இந்த இடைவெளியில் ஒரு பகுதி சரியாகிவிடும். ஓட்டுபவர் இரண்டாம் கியருக்கு இறக்கி 3,000 ஆர்பிஎம்மில் வைத்திருக்கத் தயங்காதவர் என்றால் பெட்ரோலும் மலை ஏறும். இன்ஜின் சத்தம் ஏறியதும் பயந்து மூன்றாம் கியருக்கு மாற்றுகிறவர் என்றால் வண்டி திணறும், அப்புறம் பழி இன்ஜின் மேல் விழும். ஆகவே ஓட்டப் போகிறவரின் பழக்கமும் இன்ஜின் தேர்வில் சேர்த்தி. மாமா நிதானமாக, கியர் மாற்றச் சலிக்காமல் ஓட்டுபவர், அது எங்கள் கணக்கில் பெட்ரோலுக்கு ஆதரவாக இருந்தது.

மலை என்றால் இன்னொன்றும் உண்டு. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்று குறைந்தால் சக்தியும் அதே அளவுக்குக் குறையும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், அங்கே ஏழில் ஒரு பங்கு போய்விடும். ஊட்டி 2,240 மீட்டர், ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 95 குதிரைத்திறன் வண்டி ஊட்டியில் 76 குதிரைத்திறன் வண்டிதான். டர்போ உள்ள டீசல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பின் பெரும்பகுதியைச் சமாளித்துவிடும். அடிக்கடி நீலகிரியோ கொடைக்கானலோ போகிற குடும்பம் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

சிசி மட்டும் பேசினால் எவ்வளவு ஏமாறுவோம் என்பதற்கு அந்த 1.3 டீசலே நல்ல உதாரணம். அது ஃபியட்டின் மல்டிஜெட் இன்ஜின். மாருதி, டாடா, ஃபியட் என்று மூன்று கம்பெனி வண்டிகளிலும் ஓடியது, அதனால்தான் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அது அத்துப்படி, பாகமும் கிடைக்கும். அதே 1,248 சிசி இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையரில் 75 குதிரைத்திறன், எர்டிகாவில் 90. உள்ளே இருக்கும் டர்போதான் வேறு. எர்டிகாவில் இருப்பது இறகுகள் கோணம் மாறும் டர்போ. சிசி அப்படியே இருக்க, வண்டியின் குணமே மாறிவிடுகிறது.

நாங்கள் இரண்டு பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்த்தோம். ஒரு பக்கம் ரெனோ ட்ரைபர். நம் ஓரகடத்தில் தயாராகும் வண்டி, 2019 ஆகஸ்டில் வந்தது. நான்கு மீட்டருக்குள் ஏழு சீட்டை அடக்கியது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம், எடையும் ஆயிரம் கிலோவுக்குள். ஆனால் இன்ஜின் 999 சிசி, மூன்று சிலிண்டர், 96 நியூட்டன் மீட்டர். மேலே போட்ட அதே கணக்கில் 1,750இல் 24 குதிரைத்திறனைத் தாண்டாது. ஐந்து பேரோடு சமவெளியில் ஓட அது போதும், விலையும் கம்மி, பராமரிப்பும் கம்மி. ஏழு பெரியவர்களை ஏற்றி ஏசி போட்டு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏற அதைக் கேட்பது நியாயம் இல்லை என்று எனக்குப் பட்டது.

இன்னொரு பக்கம் பழைய இன்னோவா 2.5 டீசல். 2,494 சிசி, 102 குதிரைத்திறன், டார்க் 200 நியூட்டன் மீட்டர். ஆமாம், அதே 200. சிசி இரண்டு மடங்கு, டார்க் எர்டிகா டீசல் அளவுதான். ஆனால் இன்னோவாவில் அது 1,400இலிருந்து 3,400 வரை ஒரே சீராகக் கிடைக்கும், இன்ஜினை எங்கேயும் கசக்காமல் எடுத்த வேலை என்பதால் லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடும், அதனால்தான் டிராவல்ஸ்காரர்கள் அதை விடவே இல்லை. அந்த நீண்ட ஆயுள்தான் பழைய வண்டி வாங்குகிறவருக்குப் பிரச்சினையும்கூட. நன்றாக இருப்பதற்கு விலை இறங்குவதே இல்லை, விலை இறங்கியதெல்லாம் நிறைய ஓடியது. மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் வீட்டுக்கு அவ்வளவு இன்ஜின் தேவையில்லை என்று விட்டுவிட்டோம்.

வருடா வருடம் சிசி காசு கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,000இலிருந்து 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897, வரி தனி. ட்ரைபர் முதல் படியில், எர்டிகா எந்த இன்ஜினானாலும் நடுப்படியில், இன்னோவா மேல் படியில். 1.3, 1.4, 1.5 மூன்றுக்கும் இதில் ஒரு பைசா வித்தியாசம் கிடையாது. 1,498 என்று டீசலுக்கு ஒரு எண் இருப்பது ஏன் என்று புரிகிறதல்லவா? நம் ஊரில் இன்ஜின் அளவுகளை வரிதான் பெருமளவுக்கு வடிவமைத்திருக்கிறது. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500க்குள் இருந்தால் வரி குறைவு என்றார்கள். அன்றிலிருந்து சின்ன கார்களில் 1,197, 1,199 என்று இன்ஜின்கள் வரிசையாக வந்தன. எர்டிகா நான்கு மீட்டரைத் தாண்டிய வண்டி, அந்தச் சலுகை அதற்கு எப்படியும் கிடையாது, ஆகவே பெட்ரோலை 1.2இல் நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது. அந்த வகையில் வாங்குகிறவருக்கு நல்லதே நடந்தது.

இனி ஓட்டத்தின் கணக்கு. எங்கள் பக்கம் எர்டிகா வைத்திருப்பவர்கள் சொல்வதை வைத்து, முழுச் சுமையோடும் ஊர் ஓட்டத்தோடும் சேர்த்து பெட்ரோலுக்கு 14, டீசலுக்கு 19 என்று வைத்துக்கொண்டேன். கம்பெனி சொன்ன எண்கள் இதைவிட மிக அதிகம் (1.5 பெட்ரோலுக்கு 19.34, எஸ்எச்விஎஸ் என்ற மைல்ட் ஹைபிரிட் வந்த 1.3 டீசலுக்கு 24.52), ஆனால் அவை ஆய்வகத்தில் எடுத்தவை. பெட்ரோல் 101, டீசல் 92 ரூபாய் 50 காசு என்று போட்டால் கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 7 ரூபாய் 20 காசு, டீசலில் 4 ரூபாய் 90 காசு. வித்தியாசம் 2 ரூபாய் 30 காசு. டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூடக் கொடுத்தால் அந்த லட்சத்தைத் திரும்ப எடுக்க நாற்பத்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். மாதம் 1,500 ஓடுகிறவர் இரண்டரை வருடத்துக்குள் எடுத்துவிடுவார். மாதம் 500 ஓடும் மாமாவுக்கு ஏழு வருடம் தாண்டும். அதற்குள் ஒரு இன்ஜெக்டரோ டர்போவோ கிளட்ச்சோ கைவைத்தால் கணக்கு முடிந்தது.

அப்புறம் இன்னொன்று, அதிகம் யாரும் யோசிக்காதது. வாரக்கணக்கில் நின்றுவிட்டு, எடுத்தால் பக்கத்துத் தெரு வரை போய் வருவது எந்த இன்ஜினுக்கும் நல்லதல்ல, டீசலுக்கு இன்னும் மோசம். சூடேறும் முன்பே அணைத்துக்கொண்டே இருந்தால் கரி சேரும். பிஎஸ்6 டீசல் வண்டி, அதாவது வேறு கம்பெனிகளின் 2020க்குப் பிந்தைய வண்டிகள் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அவற்றில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது, அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓட வேண்டும். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும்.

பெட்ரோல் பக்கம் இப்போதைய கவலை எத்தனால். பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆக 20 சதவீதக் கலப்பில் மைலேஜ் ஆறு, ஏழு சதவீதம் வரை குறையலாம். பழைய விமர்சனங்களில் படித்த மைலேஜை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். 2012, 2013 வண்டி எடுத்தால் எரிபொருள் ஹோஸ், சீல் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

சரி, இவ்வளவு கணக்குப் போட்டாலும் முடிவு எடுக்க வைத்தது கணக்கு இல்லை, ஏற்றிப் பார்த்ததுதான். பழைய வண்டி வாங்கும்போது எல்லாரும் செய்வது என்ன? விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், இரண்டு பேராக மெயின் ரோட்டில் ஒரு சுற்று. இரண்டு பேரோடு சமவெளியில் எந்த இன்ஜினும் பறக்கும். ஏழு பேரையும் ஏற்றினால் நானூறு கிலோவுக்கு மேல் கூடுகிறது, வண்டியின் சொந்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அது. அதைப் பார்க்காமல் இன்ஜின் போதுமா என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒரு யார்டில் டீசல் எர்டிகா பார்த்தபோது குடும்பத்தோடு வந்து ஓட்டிப் பார்க்கிறோம் என்றோம். அதெல்லாம் வழக்கமில்லை, இரண்டு பேர் போதும் என்றார்கள். அங்கிருந்து கிளம்பிவிட்டோம். பல லட்சம் கொடுக்கிறவருக்கு இதைக் கேட்க முழு உரிமை இருக்கிறது.

சேந்தமங்கலத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 2019 மாடல் 1.5 பெட்ரோல் எர்டிகாவை விற்கிறார் என்று தெரியவந்தது. முதல் ஓனர், ஓன் போர்டு. மாமா போனிலேயே கேட்டுவிட்டார், "சார், வீட்ல எல்லாரும் ஏறி ஒரு தடவ மலையடிவாரம் வரைக்கும் போய்ப் பாக்கலாங்களா?" அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "தாராளமா வாங்க, நானும் அப்படித்தான் பார்த்து வாங்கணும்னு சொல்லுவேன்" என்றார். அவர் தன் வீட்டுத் திண்ணையிலேயே இருந்துகொள்ள, எங்கள் ஆட்கள் ஏழு பேரும் ஏறினோம். பிள்ளைகள் இருவரும் நானும் சேர்ந்து மூன்றாம் வரிசைக்குப் போகலாம் என்று பார்த்தால் அங்கே இரண்டு பேருக்குத்தான் இடம், அதனால் பிள்ளைகள் பின்னால், முட்டி வலி உள்ள மாமாவின் அப்பா நடு வரிசை ஓரத்தில், நான் மாமாவுக்குப் பக்கத்தில். அம்மா அன்று வரவில்லை.

சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி வரை சமவெளி. அங்கே ஏசியோடு 80இல் போவதில் எந்தக் குறையும் தெரியவில்லை. காரவள்ளிக்கு அப்புறம் வளைவுகள் தொடங்கும். கொல்லிமலை வளைவுகள் இறுக்கமானவை, வளைவிலேயே முதல் கியருக்கு வர வேண்டியிருக்கும். முதல் வளைவில் மாமா இரண்டாம் கியரிலேயே திருப்பப் பார்த்தார், வண்டி தளர்ந்தது. அடுத்த வளைவிலிருந்து முதல் கியரில் திருப்பி, நேராக வந்ததும் இரண்டுக்கு மாற்றி 3,000 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டார். அப்படி ஓட்டியபோது வண்டி ஒரே சீராக ஏறியது. வேகம் இல்லை, முன்னால் போகும் பஸ்ஸை ஏற்றத்தில் முந்துகிற தெம்பும் இல்லை, ஆனால் திணறலும் இல்லை. வெப்பமானி நடுவிலிருந்து அசையவில்லை. கிளட்ச் வாடை வரவில்லை. சில வளைவுகள் ஏறிவிட்டுத் திரும்பினோம். இறங்கும்போது இரண்டாம் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதா என்றும் பார்த்துக்கொண்டோம், ஏழு பேரோடு இறங்கும் வண்டிக்கு அது ஏற்றத்தைவிட முக்கியம். "இது போதும்டா" என்று மாமாவின் அப்பா சொன்னபோதே வண்டி முடிவாகிவிட்டது.

உங்களுக்கு மலை பக்கத்தில் இல்லையென்றால் ஒரு மேம்பாலம் போதும். ஆட்களை ஏற்றி, ஏசியை முழுதாக வைத்து, பாலத்தின் அடியில் வேகத்தை 20க்குக் குறைத்து இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தமும் ஆர்பிஎம்மும் ஏறி, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. பின்னால் வருபவரைப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். டீசலில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்புப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரோ காற்று வரும் வழியோ சரியில்லை.

டீசல்தான் உங்களுக்குச் சரி என்றால் இன்னும் கொஞ்சம் கறாராகப் பாருங்கள். காலையில், வண்டி ஸ்டார்ட் செய்யாமல் இருக்கும்போது போங்கள், பானெட்டில் கை வைத்துச் சூடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். 1.3 மல்டிஜெட்டில் இருப்பது டைமிங் செயின், பெல்ட் இல்லை, ஆனால் ஆயிலைக் காலத்தில் மாற்றாத வண்டிகளில் அந்தச் செயின் சத்தம் போடும், குளிர்ந்த இன்ஜினில்தான் அது நன்றாகக் கேட்கும். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக் கூடாது. ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், டீசலில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். எர்டிகா டீசல் டாக்சியாக நிறைய ஓடிய வண்டி, டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றியதா என்று ஆர்சியிலும் எம்பரிவாகன் ஆப்பிலும் பாருங்கள். மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரை நம்பாதீர்கள், சர்வீஸ் பில்களில் இருக்கும் கிலோமீட்டரை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

2018க்குப் பிந்தைய 1.5 பெட்ரோலில் மைல்ட் ஹைபிரிட் என்று பெருமையாக விற்பார்கள். அது சிக்னலில் இன்ஜினை அணைத்து எழுப்பும், கிளம்பும்போது சின்னத் தள்ளு கொடுக்கும், அவ்வளவுதான், மலையில் அதை நம்ப முடியாது. முன் சீட்டுக்கு அடியில் அதற்கென்று ஒரு லித்தியம் பேட்டரி இருக்கிறது, டேஷ்போர்டில் அது சம்பந்தமான எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிஎன்ஜி எர்டிகாவை நான் ஏழு பேர் குடும்பத்துக்குச் சொல்ல மாட்டேன். கேஸில் ஓடும்போது டார்க் சுமார் 122க்கு இறங்கிவிடும், டிக்கியில் இருக்கும் கொஞ்ச இடத்தையும் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும்.

1.4க்கும் 1.5க்கும் நடுவில் தவிப்பவர்களுக்கு: காகிதத்தில் வித்தியாசம் 8 நியூட்டன் மீட்டர்தான், அதற்காக மட்டும் புதுத் தலைமுறைக்குப் போக வேண்டாம். ஆனால் இரண்டாம் தலைமுறை வண்டி அளவில் பெரிதாகியும் எடை கூடாமல் வந்தது, மூன்றாம் வரிசையில் கால் வைக்க இடமும் கூடியது. பட்ஜெட் எட்டினால் 1.5. எட்டாவிட்டால், ஒழுங்காகப் பராமரித்த 1.4, அலட்சியமாக ஓட்டிய 1.5ஐவிட எவ்வளவோ மேல்.

நான்கு பேர் குடும்பம், ஹேட்ச்பேக் போதும் என்கிறவர்களும் இதே போலத்தான் கேட்கிறார்கள், 2019க்குப் பிந்தைய வேகன்ஆரில் 1.0 எடுப்பதா 1.2 எடுப்பதா என்று. 1.0 மூன்று சிலிண்டர், 90 நியூட்டன் மீட்டர். 1.2 நான்கு சிலிண்டர், 113. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் வருடத்துக்கு 1,322 ரூபாய் கூடும். மார்க்கெட், பள்ளிக்கூடம், பக்கத்து ஊர் என்றால் 1.0 தாராளம். அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் வழியாகப் பெங்களூர் போய் வருகிற வீடு என்றால் 1.2 எடுங்கள், எடுப்பதற்கு முன் அவர்களையும் ஏற்றி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.